டோக்கியோவில் ஒரு சைவப் பெட்டி

ஜப்பானுக்குக் குடிவரும் சைவக்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது தாஷி. இறைச்சித் துண்டு தட்டில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். தாஷி தெரியாது. சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, காயவைத்து, இறுகிய பிறகு மெல்லியதாகச் சீவுவார்கள். அந்தச் சீவலை வெந்நீரில் போட்டு வடித்த சாறு அது. மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, கீரையில் செய்த பக்கக் கறி, டோஃபு மேல் ஊற்றும் கலவை என்று எல்லாவற்றிலும் கலந்திருக்கும். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் எடுக்கும் தாஷியும் உண்டு. ஆனால் சாதாரண உணவகத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

நாங்கள் இருக்கும் நிஷிகசாயில் இதைப் பற்றிக் கவலைப்படாமலே காலத்தை ஓட்டிவிடலாம். 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் குடியேறினார்கள். அதனால் இன்று துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன. ஜப்பானியச் சாப்பாட்டை வாயில் வைக்காமலே பல வருடம் இருப்பவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது போதவில்லை. இந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் ஏதாவது ஒன்றை, ஒவ்வொரு கவளத்துக்கும் விசாரணை நடத்தாமல், நானும் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஜப்பானிய மொழி சொல்லித்தர வரும் தன்னார்வ ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர், "அப்படியென்றால் வகாஷியில் தொடங்குங்கள், கூடவே டீ குடியுங்கள்" என்றார். வகாஷி என்ற ஜப்பானியப் பாரம்பரிய இனிப்பும் தேயிலையும் மாதம் ஒரு பெட்டியாக வீட்டுக்கு அனுப்பும் தெய்கிபின் ஒன்றையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

பெட்டி கதவிலுள்ள தபால் துளையில் நுழையும் அளவுக்கு மெல்லியது. உள்ளே சில இனிப்புகள், ஒரு சிறு பொட்டலம் தேயிலை, எது எந்த ஊரில் செய்தது என்று சொல்லும் ஒரு தாள். கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் பூ வடிவில் பளபளவென்று இருக்குமே, அந்த ஈர இனிப்புகள் இதில் வராது. வகாஷியை ஈரப்பதத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: 30 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நமகாஷி, 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஹிகாஷி, இரண்டுக்கும் நடுவில் இருப்பது அரை ஈரம். நமகாஷியை வாங்கிய அன்றே, தவறினால் மறுநாள் சாப்பிட்டாக வேண்டும். தபாலில் பயணம் செய்யத் தாங்குவது மற்றவைதான்.

முதல் பெட்டியிலேயே என்னை வசப்படுத்தியது அன்கோ. அஸுகி என்ற சிவப்புப் பயறை வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டித் துவர்ப்பை எடுத்துவிட்டு, மறுபடி குழைய வேகவிட்டு, சர்க்கரை சேர்த்துக் கிளறுகிறார்கள். நம் கொழுக்கட்டைப் பூரணத்திலிருந்து ஏலக்காயையும் தேங்காயையும் எடுத்துவிட்டால் எப்படியோ, அப்படி. நெய் கிடையாது, பால் கிடையாது. முதலில் ஏதோ குறைவதாகத் தோன்றும். கொஞ்சம் பழகியபின் பயறின் மணமே தனியாக எழுந்து வருகிறது. அப்புறம் ஏலக்காய் போட்டிருந்தால் இதை மூடியிருக்குமே என்று எண்ணத் தோன்றுகிறது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் சேர்ந்த விக்னா என்ற பேரினத்தில்தான் அஸுகியும் இருக்கிறது. ஜப்பானில் விளையும் அஸுகியில் பெரும்பகுதி ஹொக்கைடோவிலிருந்து வருகிறது, அதிலும் தொகாச்சி சமவெளி பேர்போனது.

அன்கோவைக் கான்தெனோடு சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்கினால் யோகன். கான்தென் வேறொன்றும் இல்லை, நம் மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று விற்கும் கடற்பாசிதான். நகானோ மாநிலத்தின் சினோ பக்கம் குளிர்காலத்தில் அதை வெட்டவெளியில் பரப்பி, இரவில் உறைய, பகலில் உருகிக் காய விடுகிறார்கள். யோகன் சர்க்கரை மிகுந்தது என்பதால் திறக்காமல் வைத்தால் நெடுநாள் கெடாது. நிலநடுக்கத்துக்கான அவசரப் பையில் வைப்பதற்கென்றே ஐந்து ஆண்டு தாங்கும் யோகன் விற்கிறது. எங்கள் பையிலும் தண்ணீர் பாட்டில், டார்ச்சோடு அது இருக்கிறது. அவசரக் காலத்தில் என் குழந்தைகள் யோசிக்காமல் சாப்பிடக்கூடிய ஒரு ஜப்பானியப் பண்டம் வீட்டில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வசன்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷிகொகு தீவில் தொகுஷிமா, ககாவா இரண்டு மாநிலங்களில் மட்டும் தொடரும் பழைய சர்க்கரை அது. மெல்லிய கரும்பின் சாற்றைக் காய்ச்சி, கையால் பிசைந்து, பாரம் வைத்து அழுத்திப் பாகை வெளியேற்றுவதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அந்த நுண்ணிய மாவை மரஅச்சில் அழுத்திப் பூவாகவும் இலையாகவும் எடுப்பார்கள். நாக்கில் வைத்தால் கரைந்துபோகிறது. அவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு சின்ன வில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வகாஷி என்றாலே சைவம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அன்கோவை நடுவில் வைத்த தொராயாகி அடை, கஸுதெரா என்ற கேக் இரண்டிலும் முட்டை உண்டு. மெத்தென்ற சில நவீன இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். அரிசியில் செய்யும் சென்பெய்தான் ஆகக் கவனிக்க வேண்டியது. வெறும் சோயா சாஸ் பூசிச் சுட்டதுபோல இருக்கும், லேபிளில் பார்த்தால் சூரை மீன் சத்து, சிப்பிச் சத்து, இறால் தூள் ஏதாவது எட்டிப்பார்க்கும். இறால், நண்டு, வால்நட், கோதுமை, பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றை ஒவ்வாமைப் பொருள் என்று கட்டாயம் குறிப்பிடச் சட்டம் சொல்கிறது. மீன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது, மூலப்பொருள் வரியை முழுதாகப் படிக்க வேண்டும். அளவு அதிகமானது முதலில் வரும், சாய்கோட்டுக்குப் பின்னால் வருபவை சேர்க்கைப் பொருட்கள். கதகனா எழுத்து தெரிந்தால் போதும், ஜெலட்டினையும் "எகிசு" என்று முடியும் சத்துகளையும் பிடித்துவிடலாம். நல்ல யோகனின் லேபிள் சர்க்கரை, அஸுகி, மாவுச்சத்துப் பாகு, கான்தென் என்று நாலு சொல்லில் முடிந்துவிடும். அந்த நாலு சொல்லைப் பார்க்கும்போது வரும் நிம்மதி சைவக்காரருக்குத்தான் தெரியும்.

சரி, டீக்கு வருகிறேன். நான் கோத்தகிரிக்காரி. அப்பா டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். கொழுந்து வந்து இறங்கியதும் அதை வாட்டி, நசுக்கி, புளிக்கவைத்து, உலர்த்துவதுதான் எனக்குத் தெரிந்த தேயிலை. புளிக்கும் கூடத்திலிருந்து வரும் வாசத்தில் வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட எனக்கு செஞ்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலை முழுக்கப் புதுப் பொருளாக இருந்தது. இங்கே கொழுந்தைப் பறித்ததும் ஆவியில் வேகவைக்கிறார்கள். புளிக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சூடு அதை நிறுத்திவிடுகிறது. பிறகு உருட்டி உருட்டி உலர்த்தினால் இலை கரும்பச்சை ஊசியாகிறது. இந்த முறையை 1738-இல் ஊஜி பகுதியைச் சேர்ந்த நகதானி சோயென் வகுத்தார் என்கிறார்கள். வீடியோ அழைப்பில் அப்பாவிடம் இதை விவரித்தபோது, "ஏம்மா, கொழுந்த வாட்டவே மாட்டாங்களா?" என்று நம்ப முடியாமல் கேட்டார். பொட்டலத்தைக் கொட்டி கேமரா முன்னால் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கை நல்ல கை" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு.

செஞ்சாவுக்குக் கொதிக்கும் நீர் ஆகாது, கசந்துவிடும். 70 முதல் 80 டிகிரி போதும். வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரை முதலில் கோப்பைகளில் ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, அந்த நீரையே க்யூசு என்ற பக்கக்கைப்பிடிக் கூஜாவில் இலைமேல் ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் போல விட்டு, கோப்பைகளில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிச் சொட்டுவரை வடிக்க வேண்டும். அடியில் தேங்கினால் அடுத்த முறைக்குக் கசப்பு ஏறும். அடுத்த முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஊற்றியதும் வடித்துவிடலாம். பறிப்பதற்குச் சுமார் இருபது நாள் முன்பே செடிமேல் நிழல் கட்டி வளர்க்கும் கியோகுரோவுக்கு 50, 60 டிகிரி. அதன் முதல் மடக்கு தேநீர் என்றே தோன்றாது. அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு இனிமை.

பால் டீயில் ஊறிய என் கணவருக்கு இவை எதுவும் ஒட்டவில்லை. அவரை மாற்றியது ஹோஜிச்சா. இலையை வறுத்துச் செய்வதால் கசப்பு அடங்கி, பொன்பழுப்பில் இறங்கும். அதற்குக் கொதிநீரே ஊற்றலாம். ராச்சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இப்போது அதுதான். அன்கோ இனிப்பைக் கடித்துவிட்டு ஹோஜிச்சா குடித்தால் இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன. டீயில் சர்க்கரை எதற்கு என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மே மாதப் பெட்டியில் ஷின்சா என்ற அந்த ஆண்டின் புதுத் தேயிலை வரும். வசந்தத் தொடக்க நாளிலிருந்து எண்பத்தெட்டாவது நாள், அதாவது மே 2 வாக்கில் பறிக்கும் கொழுந்துக்குத் தனி மதிப்பு. தெற்கே ககோஷிமாவில் ஏப்ரலிலேயே பறிப்பு நடக்கிறது. நெடுங்காலமாக உற்பத்தியில் முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவை 2024-இல் அந்த மாநிலம் முந்திவிட்டது.

பெட்டியில் வராத ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா கொடுத்தார். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி வரும் ஹிகான் வாரத்தில் இங்கே கல்லறைக்குப் போய் முன்னோரை வணங்குவார்கள். அப்போது செய்வது ஓஹாகி. பசையரிசிச் சோற்றை லேசாக இடித்து உருட்டி, அன்கோ, வறுத்த சோயா மாவு, கருப்பு எள் என்று மேலே பூசுவார்கள். "மீன் எதுவும் சேரவில்லை, நானே செய்தது" என்று கதவருகிலேயே சொல்லிவிட்டுத் தந்தார். என் உணவு முறையை நான் சொன்னதை இத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு அமாவாசையிலும் முன்னோருக்குப் போவது எள்ளும் அரிசியும்தான் என்று என் அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று செஞ்சாவை நான் வடித்தேன், அவர் குடித்தார். மறுவாரம் நான் எள்ளுருண்டை கொண்டுபோனபோது, வெல்லத்தை முகர்ந்து பார்த்து, ஒகினாவாவின் கருப்புச் சர்க்கரையா என்று கேட்டார்.

புதிதாக வந்திருப்பவர்கள் யோகனும் ஹோஜிச்சாவும் வைத்துத் தொடங்கலாம். இரண்டும் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பெட்டிக்குப் பணம் கட்டுவதை அப்புறம் யோசிக்கலாம். நான் அடுத்து ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு வசன்போனும், அப்பாவுக்குப் புது செஞ்சாவும் ஒரு சின்ன க்யூசுவும் எடுத்துப்போகிறேன். இலையைப் பழைய ஃபேக்டரி நண்பர்களிடம் காட்ட வேண்டுமாம். ஒரு பொட்டலம் போதாது, இரண்டாகக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார்.