அசரியா அத்தியட்சர் (பிஷப்) பத்தி கொஞ்ச நாள் குறிப்பு

டிசம்பர் 27
கிறிஸ்மஸ் லீவுக்கு ஊர் வந்தாச்சு. இன்னிக்கு வெள்ளாளன்விளை வழியா போனோம், வேதநாயகம் சாமுவேல் அசரியா பொறந்த ஊரு, 1874ல, அப்பா கிராமத்து குருவானவர். கூட வந்த பிள்ளைங்க யாருக்கும் அவர் பேரே தெரியல, மனசுக்கு கஷ்டமா போச்சு, அதான் எழுத ஆரம்பிக்கேன்.

டிசம்பர் 29
1912ல இதே நாள்லதான் கல்கத்தா செயின்ட் பால்ஸ் பேராலயத்துல அவருக்கு அத்தியட்சர் அபிஷேகம் நடந்துச்சு. ஆங்கிலிகன் சபையில, அதாவது இங்கிலாந்து திருச்சபை மரபுல வந்த சபையில, முதல் இந்திய பிஷப். வெள்ளக்கார மிஷனரிங்க பலர் ஒத்துக்கல, ஒரு இந்தியருக்கு கீழ நாங்க வேலை பாக்கணுமான்னு, ஆனா மெட்ராஸ் பிஷப் வொயிட்ஹெட் விடாம நின்னு நடத்தி வச்சாரு.

எல்லாரும் இந்த "முதல் பிஷப்"போட நிறுத்திடுறாங்க. எனக்கு அதவிட பெருசா படுறது 1909தான். ஒய்எம்சிஏங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துல நல்ல பொறுப்புல இருந்தவரு, அத விட்டுட்டு நிஜாம் ஆண்ட ஹைதராபாத் ராஜ்யத்துல இருந்த தோர்ணக்கலுக்கு மிஷனரியா போறாரு, அனுப்புனது நம்ம பாளையங்கோட்டையில 1903ல ஆரம்பிச்ச இந்திய மிஷனரி சங்கம், அத ஆரம்பிச்சதுலயும் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. போய் தெலுங்கு படிச்சு, மாலா, மாதிகாங்கிற தலித் ஜனங்களோட கிராமம் கிராமமா சுத்தினாரு. ஞானஸ்நானம் எடுக்குறவங்கள அவங்கவங்க தலையில கைய வச்சு "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷம் சொல்லாட்டா எனக்கு ஐயோ"ன்னு சொல்ல வைப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரும் அன்னிக்கே ஊழியக்காரர் ஆயிடுறாரு, இப்ப எந்த சபையில இது இருக்கு?

ஜனவரி 1
1945ல இன்னிக்குதான் அவர் இறந்தது. ராத்திரி ஆராதனை முடிஞ்சு தூக்கம் வரல, 1910ல ஸ்காட்லாந்து எடின்பரோவுல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல அவர் பேசினத திரும்ப படிச்சேன். அத்தனை மிஷனரிங்க முன்னாடி நின்னு, உங்களுக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவுல உறவு சரியில்லன்னு நேராவே சொல்றாரு. கடைசியில, ஏழைகளுக்கு உங்க பொருள குடுத்தீங்க, சரீரத்தையே சுட்டெரிக்க குடுத்தீங்க, நாங்க அன்பும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாங்கன்னு முடிக்கிறாரு. அப்ப வயசு 35தான்! கிறிஸ்தவங்க மட்டும் தனியா ஓட்டுப் போடுற தனித்தொகுதி வேண்டாம்னு பின்னாடி அவர் எதிர்த்ததும் இதே மனசாலதான்னு தோணுது, ஒதுங்கி நிக்கிறது அவருக்கு ஆகாது.

ஜனவரி 6
தோர்ணக்கல் பேராலயம் 1939ல இந்த பிரசன்னத் திருநாள்லதான் பிரதிஷ்டை ஆச்சு. மசூதி மாதிரி குவிமாடம், கோயில் மாதிரி கல்தூணு, இங்கிலாந்து சர்ச்ச அப்படியே பெயர்த்து வைக்கல. சபைகள் ஒண்ணாகணும்னு கடைசி வரைக்கும் பாடுபட்டாரு, அப்படி ஒண்ணான தென்னிந்திய திருச்சபை (சிஎஸ்ஐ) உருவானது 1947 செப்டம்பர்ல, அத பாக்க அவர் இல்ல. சண்டே ஸ்கூல்ல இந்த வருஷம் இவரப் பத்தி ஒரு பாடம் வைக்கணும்னு எங்க சபை குருவானவர் ஐயர்கிட்ட கேட்டிருக்கேன்.