நீலக்கொடிப் பக்கம்

இங்கிலாந்தில் எனக்கு முதன்முதலில் தெரியவந்த இடம் ஒரு வளைவு. 1999 ஜூலை 11 அன்று சில்வர்ஸ்டன் தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே, பிரேக் பழுதான மைக்கேல் ஷூமாக்கரின் ஃபெராரி ஸ்டோ என்னும் வளைவில் திரும்பாமல் நேராகப் போய் டயர் அடுக்கில் மோதியது. அவருடைய வலது கால் முறிந்தது. புறப்படும் இடத்திலேயே இரண்டு கார்கள் நின்றுபோனதால் பந்தயத்தை நிறுத்த அதற்குள் முடிவாகியிருந்தது என்பதும், அது கணக்கில் சேராத சுற்று என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. அண்ணனும் நானும் தொலைக்காட்சிக்கு முன் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பின் பதினாறு ஆண்டுகள், ஐரோப்பாவில் பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் இருவரையும் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. காப்ஸ், மேகட்ஸ், பெக்கெட்ஸ், சேப்பல், ஸ்டோ, கிளப் என்று அந்தத் தடத்தின் வளைவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன்.

ஆகவே 2015 இலையுதிர்காலத்தில் நார்தாம்டனில் வேலை கிடைத்தபோது, புதிய நாட்டுக்குப் போகிறோம் என்ற அச்சம் எனக்குக் குறைவாகவே இருந்தது. சில்வர்ஸ்டனிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருக்கும் ஊர் எனக்கு எப்படி அந்நியமாகும் என்று எண்ணினேன். வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. தடத்துக்கு அருகிலுள்ள சிற்றூரின் பெயரை வரைபடத்தில் படித்தபடியே ‘டௌசெஸ்டர்’ என்று சொல்லி வழி கேட்டேன். கேட்டவர் சற்று யோசித்துவிட்டு, ரொட்டி வாட்டும் கருவியின் பெயரைப் போல ‘டோஸ்டர்’ என்று மென்மையாகத் திருத்தினார். எழுத்தில் மட்டுமே அறிந்த நாட்டை இனிக் காதால் கற்க வேண்டும் என்பது அன்று புரிந்தது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் தொலைக்காட்சியில் காத்திருந்தது. ஃபார்முலா ஒன் அணிகளில் பெரும்பாலானவை குடியிருக்கும் நாட்டில் எல்லாப் பந்தயங்களையும் நேரலையாகப் பார்க்கக் கட்டண அலைவரிசை வேண்டும். நால்வர் பகிர்ந்திருந்த வீட்டில் அதற்குப் பங்கு போட வேறு யாருக்கும் விருப்பமில்லை. அப்போது பாதிப் பந்தயங்களாவது இலவச அலைவரிசையில் நேரலையாக வந்தன. 2019 முதல் வழக்கமாகப் பிரிட்டிஷ் பந்தயம் மட்டுமே அப்படி வருகிறது, மற்றவற்றுக்குத் தொகுப்புதான். நேரலை இல்லாத ஞாயிறுகளில் கைப்பேசியை அலமாரிக்குள் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல், தொகுப்பு வரும்வரை முடிவைக் காதில் வாங்காமல் தப்பிப்பது ஒரு விரதம் போலாயிற்று. என் நாட்குறிப்பும் தலைகீழானது. முன்பு மாலையில் பார்த்த ஐரோப்பியப் பந்தயம் இங்கே பகல் ஒரு மணிக்கு வந்தது. காலை உணவுக்குப் பின் சாவகாசமாகப் பார்த்துப் பழகிய மெல்போர்ன் பந்தயம், மார்ச் மாதத்து இருட்டில் ஐந்து மணிக்கு என்னை எழுப்பியது. அண்ணன் அங்கே விளக்கேற்றும் நேரத்தில் எனக்கு இன்னும் வெயில் இருக்கும். ஒரே காரைப் பார்த்துக்கொண்டு இரண்டு பொழுதுகளில் உட்கார்ந்திருந்தோம்.

அலுவலகத்தில் என் நிறத்தைப் பார்த்ததும் கிரிக்கெட் பேசத் தொடங்குவார்கள். நான் டயர் தேய்மானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சற்று விழிப்பார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் மட்டும் விழிக்கவில்லை. நரேன் கார்த்திகேயன் 2005இல் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்ததை அவர்தான் என்னிடம் முதலில் சொன்னார்; மிஷெலின் டயர் அணிகள் விலகிக்கொண்டதால் ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது என்பதையும் நாசூக்காகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய மைத்துனர் பிராக்லியில் மெர்சிடிஸ் அணியின் தொழிற்கூடத்தில் வேலை செய்கிறார். 1999இல் பார் அணியாகத் தொடங்கி, ஹோண்டாவாகி, 2009இல் பிரான் என்ற பெயரில் ஒரே ஆண்டு இருந்து ஜென்சன் பட்டனைச் சாம்பியனாக்கிய பிறகு மெர்சிடிஸ் ஆன அணி அது. எனக்கு அது புராணம். மைத்துனருக்கோ காலை எட்டு மணிக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலை. மில்டன் கீன்ஸ், என்ஸ்டோன், குரோவ் என்று நான் வியந்து உச்சரித்த அணிகளின் ஊர்ப்பெயர்களெல்லாம் இவர்களுக்குச் சாலைப் பலகைகள். இந்த அலட்சியம் முதலில் என்னைப் புண்படுத்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2016 ஜூலையில் முதன்முறையாகத் தடத்துக்குள் நுழைந்தேன். பெக்கெட்ஸ் வளைவருகே, இருக்கை இல்லாத புல்மேட்டில் நின்றேன். தொலைக்காட்சி எனக்குச் சொல்லாமல் விட்டவற்றில் முதன்மையானது காற்று. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத் தளமாக இருந்த சமவெளி அது. காற்றைத் தடுக்க மேடோ மரமோ அதிகமில்லை. நேர்பாதைகளில் ஒன்றுக்கு ஹேங்கர் என்றும் இன்னொன்றுக்கு வெலிங்டன் விமானத்தின் பெயரும் இருப்பதன் பொருள் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. சேப்பலும் பெக்கெட்ஸும் முன்பு அங்கிருந்த ஒரு சிற்றாலயத்தின் நினைவு. காப்ஸ் என்பது சிறு தோப்பு. பதினாறு ஆண்டுகள் மந்திரம் போல் ஒப்பித்த பெயர்களுக்குள் மரமும் கோயிலும் ஓடுதளமும் இருந்திருக்கின்றன.

இரண்டாவது ஏமாற்றம் ஒலி. நான் காதலித்தது மூன்று லிட்டர் வி10 எஞ்சின்களின் அலறலை. அவை 2005உடன் முடிந்துவிட்டன. பின் வந்த வி8 எஞ்சின்களும் 2013உடன் போயின. நான் வந்து சேர்ந்ததோ 1.6 லிட்டர் டர்போ வி6 காலத்தில். காது அடைத்துக்கொள்ளும் நுரைப்பஞ்சை வாங்கிச் சென்றிருந்தேன், அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனால் கண்ணுக்கு ஈடு கிடைத்தது. அந்தக் கார்கள் பெக்கெட்ஸில் இடம் வலமாக மாறுவதை எந்தக் கேமராவும் உண்மையாகக் காட்டுவதில்லை. எடையுள்ள ஒரு பொருள் அப்படித் திசை மாறக் கூடாது என்று உடம்பு மறுக்கிறது. அன்று மழை. முதல் ஐந்து சுற்றுகள், வேகத்தை மட்டுப்படுத்த முன்னால் செல்லும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்தன. பிறகு 16ஆம் சுற்றில், நான் நின்ற இடத்துக்குச் சற்று அப்பால், ஈரத்தில் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து நிகோ ரோஸ்பர்க்கை மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முந்தினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. என்னைச் சுற்றி நின்ற முன்பின் தெரியாதவர்கள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். இந்த நாட்டில் யாரும் என்னைத் தொட்டது அதுவே முதல் முறை.

அன்று என் கண் இன்னொன்றிலும் நிலைத்தது. எனக்கு எதிரே, தடத்தின் ஓரத்தில் நின்று கொடி காட்டும் மார்ஷல்கள் இருவர், ஆரஞ்சு உடுப்பில், மழை சொட்டச் சொட்ட, நாள் முழுதும் நின்றிருந்தார்கள். முந்துவதைக் கண்டு கூட்டம் ஆர்ப்பரித்தபோது அவர்களில் ஒருவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. 2003இல் ஹேங்கர் நேர்பாதையில் ஒருவர் கார்களுக்கு எதிரே ஓடி வந்தபோது பாய்ந்து அவரைத் தள்ளி வீழ்த்தியவரும் ஒரு மார்ஷல்தான். அந்தப் பந்தயத்தை ரூபென்ஸ் பாரிக்கெல்லோ வென்றது எனக்கு நினைவிருந்தது. அந்த மார்ஷலைப் பற்றி அதுவரை ஒரு முறைகூட யோசித்ததில்லை. விசாரித்தபோது, இவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் என்றும், யார் வேண்டுமானாலும் பயிற்சி பெற்றுச் சேரலாம் என்றும் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் என்ற சொற்களை நான் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் பயிற்சிக்குப் போனேன். உண்மையான நெருப்பை உண்மையான தீயணைப்பானால் அணைக்கச் சொன்னார்கள். உள்ளே நைலான் அணியாதே, உருகித் தோலோடு ஒட்டும் என்றார்கள். கவிழ்ந்த காரின் அருகே எப்போது போகலாம், எப்போது போகக் கூடாது என்பதற்கு ஒரு முழுப் பகல். கொடிகளை நான் அறிவேன் என்றுதான் நினைத்திருந்தேன்: ஒற்றை மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே, இரட்டை மஞ்சள் என்றால் தடத்தில் தடையோ ஆட்களோ உண்டு, நிற்கவும் தயாராக இரு, மஞ்சளும் சிவப்பும் கோடுகளானால் தடம் வழுக்கும். கொடியின் பொருளை அறிந்தவனுக்கு அதை எந்த நொடியில் எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதை முதல் மாதத்திலேயே உணர்ந்தேன். ஒரு சிறு கார்ப் பந்தயத்தில், சுழன்று நின்ற காரை ஒரு ரசிகனாக வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மஞ்சள் கொடி என் கையிலேயே சுருண்டிருந்தது. மார்ஷல்கள் நிற்கும் காவல்முனையின் தலைவர் என்னைத் திட்டவில்லை. “இங்கே நீ பந்தயம் பார்க்க வரவில்லை” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

கொடிக்காரர்கள் இருவராக நிற்போம். மஞ்சள் வைத்திருப்பவர் கார்கள் போகும் திசையைப் பார்த்து, அடுத்த காவல்முனை வரையுள்ள தடத்தைக் கண்காணிப்பார். அதாவது விரைந்து வரும் கார்களுக்கு அவர் முதுகு காட்டி நிற்கிறார். நீலக்கொடிக்காரர் எதிர்த்திசையைப் பார்த்து, வேகமான கார் பின்னால் நெருங்குவதை மெதுவான காருக்கு அறிவிக்கிறார். கட்டுப்பாடிழந்த ஏதாவது தங்களை நோக்கி வந்தால் ஊதலை ஊதி மஞ்சள்காரரைக் காப்பதும் அவர் பொறுப்பு. என் முதல் இணை, ஓய்வுபெற்ற ஒரு செவிலியர். என் பெயரைச் சரியாகச் சொல்ல அவருக்கு மூன்று வாரங்கள் ஆயின. ஆனால் முதல் நாளே, எந்தத் தயக்கமும் இன்றி, என்னிடம் தம் முதுகை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி நின்றார். இந்த நாட்டில் குடியிருப்பு உரிமைக்காக நான் நிரப்பிய படிவங்களின் எண்ணிக்கையை நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் என் ஞாயிறுகள் சுருங்கின. ஐந்தே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளும் தடத்தில் என் பங்குக்கு வந்தது சில நூறு மீட்டர். 2022இல் பிரிட்டிஷ் பந்தயத்துக்குத் தேர்வாகித் தடத்தின் மறுபுறத்தில் நின்றேன். தொடங்கிய சில நொடிகளில் வானொலியில் சிவப்புக்கொடி என்று உத்தரவு வந்தது, அசைத்தேன். ஏபி வளைவில் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகச் சறுக்கி, டயர் தடுப்பைத் தாண்டி, வேலிக்கும் தடுப்புக்கும் நடுவே செருகிக்கொண்டது உலகத்துக்கே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மெதுவாகக் கடந்து சென்ற கார்கள்தான். ஓட்டுநரின் தலையைக் காக்க 2018இல் கட்டாயமாக்கப்பட்ட ஹேலோ வளையத்தை, காரின் அழகைக் கெடுக்கிறது என்று நானும் அண்ணனும் முன்பு சேர்ந்தே ஏசியிருந்தோம். ஜோ காயமின்றி மீண்டார் என்ற செய்தி வரும்வரை அந்த ஏச்சு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

2024 ஜூலை 7 அன்று நீலக்கொடிப் பக்கம் எனக்கு. நடுவில் மழை வந்து போனது. யார் எந்த டயரில் இருக்கிறார்கள் என்ற கணக்கு என் தலையிலிருந்து நழுவிவிட்டது. பின்தங்கிய கார்களையும் அவற்றை நெருங்கும் கார்களையும் தவிர வேறொன்றும் என் கண்ணில் நிற்கவில்லை. கூட்டத்தின் முழக்கத்திலிருந்து வென்றவர் லூயிஸ் ஹாமில்டன் என்று தெரிந்துகொண்டேன். கடைசியாக, எல்லாரும் எல்லாக் கொடிகளையும் ஒருசேர அசைத்து ஓட்டுநர்களை வழியனுப்பினோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் நெரிசல் கலையக் காத்திருந்தபோது அண்ணன் அழைத்தார்.

“டேய், நீ நேர்லயே பார்த்திருப்ப. கடைசி சுத்துல வெர்ஸ்டாப்பன் எவ்வளவு கிட்ட வந்தான்?”

“தெரியலண்ணா. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.”

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, மெக்லாரன் ஓட்டுநர் நாரிஸ் டயர் மாற்ற ஒரு சுற்று தாமதமாக வந்ததையும், வந்தவர் நிறுத்த வேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டிப் போய் நின்றதையும், ஹாமில்டன் மென் டயரிலும் வெர்ஸ்டாப்பன் வன் டயரிலும் இறங்கியதையும், இறுதி இடைவெளி ஒன்றரை நொடிகூட இல்லை என்பதையும் சுற்றுச் சுற்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் காலணியைக் கழற்றிவிட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தேன்.