முதல் தண்ணியில் ஒரு பிடி கல்லுப்பு

2016-இல் மலாவிக்குக் கிளம்பியபோது நைனா என் பெட்டியில் பன்னிரண்டு லுங்கி வைத்தார். நான் கட்ட நாலு, அங்கே கொடுக்க எட்டு. குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டில் அப்படித்தான். யாராவது ஊருக்குக் கிளம்பினால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. "முதல் தண்ணியில ஒரு பிடி கல்லுப்பு போட்டு ஊற வெச்சு, தனியா அலசச் சொல்லு. இல்லன்னா மத்த துணியில சாயம் ஏறிடும்." காட்பாடி ஸ்டேஷனில் வண்டி நகர்ந்த பிறகும் சன்னலோடு நடந்துகொண்டே அதையேதான் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கோ, போன் பண்ணு, ஒன்றும் இல்லை. உப்பு மட்டும்தான்.

வேலூரில் ஆறு வருஷம் ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் பார்த்தவன் நான். மலாவியில் இரண்டு வருஷத் தன்னார்வலர் வேலை கிடைத்தது. ஏரிக்கரையில் ஒரு சின்ன டவுன். ஏரி என்றதும் நம்மூர் ஏரியை மனதில் வைத்துக்கொண்டு போனேன். அது 580 கிலோமீட்டர் நீளம். எதிர்க்கரையே தெரியவில்லை, அலை வேறு அடிக்கிறது. அங்கே காயப்போடும் உசிப்பா என்ற பொடி மீனைப் பார்த்த அன்றைக்குத்தான் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்துவிடலாம் என்று தோன்றியது. நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கும். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் ஊர்க் குழம்புக்கு முக்கால்வாசி வரும்.

ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தோம். கென்யாவிலிருந்து ஒரு வாத்தியார், நெதர்லாந்திலிருந்து ஒரு கணக்கர், பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு நர்ஸ், நான். நர்ஸை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் அவரும் என்னைத் தம்பி என்பார். எல்லாருக்கும் ஒப்பந்தம் வெவ்வேறு மாதத்தில் முடியும். அதனால் மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் யாரோ ஒருவர் பெட்டி கட்டுவார், அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வருவார். குக்கரும் கொசுவலையும்தான் அந்த வீட்டில் நிரந்தரம்.

கணக்கர்தான் முதலில் போனார். வழியனுப்பும் விருந்தில் மக்காச்சோள மாவுக் களியும் கோழியும். களியை அங்கே ந்சிமா என்பார்கள். சாப்பிட்டதும் ஆளாளுக்கு எழுந்து பேசியாக வேண்டும். என் முறை வந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. லுங்கியை நீட்டி, "முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாகத் துவைக்கவும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து எந்த விருந்தானாலும் கடைசியில் என்னை எழுப்பி அதைச் சொல்லவைப்பது வழக்கமாகிவிட்டது.

கென்யா வாத்தியார் தன் லுங்கியை அன்றைக்கே கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தார். நர்ஸுகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஊரில் இடுப்பில் துணி சுற்றுவது பெண்கள். சிடென்ஜே என்று பெயர். குழந்தையை முதுகில் கட்டுவதும் அதால்தான். எங்கள் ஊரில் ஆண்கள் எல்லாரும் இப்படித்தான் கட்டுவோம் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

எனக்கு அதிகம் பழக்கம் அக்காவோடுதான். குழந்தைகள் வார்டு அவருடையது, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் என்னுடையவை. அது காற்றை இழுத்து, ஸியோலைட் நிரப்பிய குழாயில் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே விடும் மெஷின். செம்மண் புழுதியில் ஃபில்டர் அடைத்தாலே பாதி வியாதி வந்துவிடும். நான் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டி, மீட்டர் வைத்துப் பார்ப்பேன். 93 என்று காட்டினால் அக்கா ஒன்றும் பேசாமல் மெஷினை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். குறைவாகக் காட்டினால் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். போகவும் மாட்டார்.

அவர் கிளம்பியது மே மாதம். சரியாக எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று. ஊரில் வெயிலில் கூட்டம் நெரிந்துகொண்டிருக்கும், அங்கே குளிர் ஆரம்பித்திருந்தது. அதற்குள் எட்டு லுங்கியும் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு ஒன்று, மினிபஸ் டிரைவருக்கு ஒன்று என்று நான்தான் வாரி விட்டிருந்தேன். கடைசியில் நான் கட்டிக்கொண்டிருந்த பச்சைக் கட்டத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். லிலோங்வே ஏர்போர்ட் வாசலில் அக்கா காத்திருந்தார்.

"தம்பி, உப்பு?"

"இதுக்கு வேண்டாம்க்கா. போக வேண்டிய சாயம் எல்லாம் போயிடுச்சு."

அந்த ஊர் பாஷையில் போகிறவர் 'ட்சலானி ப்வினோ' என்பார், நல்லபடி இருங்கள் என்று. இருக்கிறவர் 'பிடானி ப்வினோ' என்பார், நல்லபடி போங்கள் என்று. எனக்கு இரண்டாவதுதான் பழக்கம். என் முறை வந்தபோதும் நாக்கு நம்மூர் வழக்கத்துக்கே போனது. உசிப்பா விற்கும் அம்மாவிடம் 'போயிட்டு வரேன்' என்பதை அப்படியே சிச்செவாவில் சொல்லிவிட்டேன். அந்தம்மா சந்தோஷமாக, எந்த மாதம் வருவாய் என்று கேட்டார். நான் இல்லாத பையை இருக்கிற மாதிரி தேடினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பேரன் பிறந்திருக்கிறான். அங்கேயும் ஏணை கட்டுவார்களாம். ஏணைத் துணி, அந்தப் பச்சைக் கட்டம். தறியில் இருந்த நைனாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, படத்தை விரலால் பெரிசாக்கி, குழந்தையை விட்டுவிட்டுத் துணியைப் பார்த்தார்.

"இது கட்டின லுங்கியாச்சே. கரையில நூல் பிரிஞ்சிருக்கு பாரு. கட்டினதையா குடுத்த?"

"புதுசு தீர்ந்துபோச்சு நைனா."

"தீர்ந்துபோச்சுன்னா சொல்லக்கூடாதா? அந்தப் பொண்ணு இன்னா நெனச்சிருக்கும்."

அன்றைக்கு என்னோடு அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் காலையில் திண்ணையில் புது லுங்கி இரண்டு மடித்து வைத்திருந்தது. ஒன்று மூட்டியது, ஒன்று மூட்டாதது. ஏணைக்கு மூட்டாததுதான் சௌகரியமாம். அக்காவிடம் முகவரி வாங்கிவிட்டேன், நாளைக்குத் தபாலாபீஸ் போக வேண்டும். உள்ளே வைக்க ஒரு சீட்டு எழுதச் சொன்னார். என்ன எழுத என்று கேட்டதற்கு, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.