‘வைரஸ் இல்லை’ என்று எழுதும்போது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவைப் பிடித்து, அதன் உடலில் வைரஸ் இருக்கிறதா என்று கண்டறியும் பணியில், ஆய்வகத்தைவிட வீடுகளின் உள்ளறைகளே கடினமான இடம் என்பது என் அனுபவம். பகலில் கடிக்கும் இந்தக் கொசு, இரத்தம் குடித்தபின் கட்டிலுக்கடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் கொடியில் தொங்கும் அடர்நிறத் துணிகளின் மடிப்பிலும் ஒதுங்கிக்கொள்ளும். மதுரையில் குடிநீர் நாள்தோறும் வராத தெருக்களில், டிரம்மோ சிமென்ட் தொட்டியோ இல்லாத வீட்டைக் காண்பது அரிது. தண்ணீரைச் சேமிக்கும் இடத்திலேயே கொசுவும் பிறக்கிறது.

கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் கருவியோடு படுக்கையறைக்குள் செல்ல வீட்டாரின் நம்பிக்கை வேண்டும். தொட்டியை எட்டிப் பார்த்து அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றிவிட்டுப் போகும் டி.பி.சி. பணியாளர்களுக்கு, அதாவது வீடு வீடாகக் கொசுப்புழு தேடுபவர்களுக்குப் பழகியவர்கள், “புழுவைத்தானே பாக்கணும், ரூமுக்குள்ள எதுக்கு சார்?” என்று கேட்பது நியாயமே. புழுக் கணக்கும் அதிலிருந்து வரும் பிரெட்டோ குறியீடும் (நூறு வீடுகளுக்குப் புழு உள்ள கலன்கள் எத்தனை என்ற எண்) கொசு எவ்வளவு பெருகும் என்பதை உணர்த்துமே தவிர, அந்தக் கொசு வைரஸைச் சுமக்கிறதா என்பதைச் சொல்லா. இதை ஒவ்வொரு வாசலிலும் பொறுமையாக விளக்குவதும் எங்கள் வேலைதான்.

பிடித்தவற்றைக் குளிரிலேயே வைத்து, இனமும் பாலும் பார்த்துப் பிரித்து, ஒரு குழாய்க்கு 25 வரை தொகுத்து வைரஸின் மரபணுவைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு அனுப்புவோம். வயிற்றில் இரத்தம் நிறைந்த கொசுக்களைத் தனியே வைக்க வேண்டும். ஏனெனில் அவற்றில் தென்படும் வைரஸ், சற்று முன் குடித்த நோயாளியின் இரத்தத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். குடித்த வைரஸ் பெருகிக் கொசுவின் உமிழ்நீரை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் ஆகும். ஆண் கொசுக்கள் கடிப்பதில்லை என்பதால், அவற்றில் வைரஸ் கிடைத்தால் அது பெரும்பாலும் தாயின் முட்டை வழியே வந்திருக்க வேண்டும். காய்ந்த தொட்டியின் சுவரில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு ஒட்டியிருக்கக்கூடிய முட்டைகளை எண்ணும்போது, எனக்கு மிகுந்த கவலை அளிப்பது இந்த வழிதான்.

500 கொசுக்களை 20 தொகுதிகளாகச் சோதித்து ஒன்றில் மட்டும் வைரஸ் கிடைத்தால், அத்தொகுதியில் குறைந்தது ஒரு கொசுவாவது தொற்றுடையது என்று கொண்டு, ஆயிரத்துக்கு 2 எனக் குறைந்தபட்சத் தொற்று விகிதத்தைக் கணக்கிடுகிறோம். நோய் பரவும் காலத்திலும் தொற்றுடைய கொசுக்கள் இவ்வளவு அரிதாகவே இருக்கக்கூடும் என்பதால், ஒரு வார்டில் 40 கொசுக்களை மட்டும் சோதித்துவிட்டு ‘வைரஸ் இல்லை’ என்று எழுதுவது அப்பகுதி மக்களுக்குப் பொய்யான நிம்மதியைக் கொடுத்துவிடும். ஆகவே, அந்த வரியின் பக்கத்திலேயே எத்தனை கொசுக்கள், எத்தனை வீடுகள், அவற்றில் பூட்டிக் கிடந்தவை எத்தனை என்பதும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்திவருகிறேன். முடிவு வரும்வரை தொட்டிகளைத் தேய்த்துக் கழுவும் வேலையை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.