ஒரே வரியில் இரண்டு தொகை

எங்கள் நிறுவனத்தின் பங்குகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று வாரந்தோறும் வரும் பென்போஸ் பட்டியலில் அந்தப் பெரியவரின் பெயரை இப்போதும் தேடுகிறேன். இருக்காது என்று தெரியும்.

அந்த ஆண்டு டிவிடெண்டைப் பாதியாகக் குறைத்திருந்தோம். பொதுக்கூட்டத்துக்கான தலைவர் உரையை எழுதியவன் நான். ‘சுற்றுச்சூழலுக்காக நாம் செலவிட்டது’ என்று ஒரே தொகை. சாயக் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையத்தின் விரிவாக்கமும், நொய்யல் கரையில் பதாகை பிடித்து மரம் நட்ட இயக்கமும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன.

கணக்கில் அவை ஒன்றல்ல. நிலையம் இல்லாமல் தொழிலே இல்லை. கழிவுநீரை வெளியே விட்டதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இங்கே யார் மறந்தார்கள்? நிலையத்தின் செலவை, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியில் காட்டவும் சட்டம் விடாது. மரங்கள்தான் அந்த 2 சதவீதத்தில் வருபவை.

பெரியவர் எழுந்தார். ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர்.

“தம்பி, சாயத் தண்ணீரால் என் கிணறு உப்பாகிப் போனது. நிலையத்துக்கு என்றால் எனக்கு டிவிடெண்டே வேண்டாம். அதற்கு எவ்வளவு, மரம் நட்டுப் படம் எடுத்ததற்கு எவ்வளவு? பிரித்துச் சொல்லுங்கள்.”

தலைவர் என்னைப் பார்த்தார். பிரித்த கணக்கு என் கோப்பில் இருந்தது.

“விவரமெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது, ஐயா” என்றேன்.

பொய்யில்லை. எந்தப் பக்கம் என்றுதான் சொல்லவில்லை.

மரத்துக்குப் போனது சொற்பம். சொல்லியிருந்தால் அவர் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால், நாங்களாகத் தேர்ந்து செய்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் நீதிமன்றத்துக்குப் பயந்து செய்தது என்பதும் மேடையிலேயே வெளிப்பட்டிருக்கும். இதை அப்போதே யோசித்துத்தான் மழுப்பினேனா, இல்லை வாய்ப் பழக்கமா? ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு பதில் வருகிறது.

இரண்டு மாதத்தில் அவர் பங்குகளை விற்றுவிட்டார். அப்போது விலை ஏறியிருந்தது. வீட்டில் கல்யாணச் செலவாகக்கூட இருக்கலாம். அதே உரையைப் பாராட்டிய ஒரு நிதி நிறுவனம் அவர் விற்றதைப் போலப் பல மடங்கு வாங்கியது. ஆக, உரை பலித்தது என்றே சொல்ல வேண்டும். முதல் பங்கு வெளியீட்டுக் காலத்திலிருந்து ஒரு பங்கையும் விற்காமல் வைத்திருந்தவர் போனது எந்த அறிக்கையிலும் வராது.

இந்த ஆண்டு உரையில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதி அனுப்பினேன். தலைவர் அலுவலகத்திலிருந்து ஒரே வரியாகத் திரும்பி வந்தது. எழுத்துப்பிழை பார்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.