நாய்க்கடிக்கு யாரிடம் கேட்பது?

எங்கள் ஊரில் பைக் இடித்து ஒருவர் விழுந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெருவுக்கே தெரியும். பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் வண்டி நம்பரைக் குறித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் கூட வந்த யாராவது ஒருவர் "ஏ.ஆர். போடச் சொல்லுங்க" என்று விபத்துப் பதிவேட்டைச் சொல்வார். எஃப்.ஐ.ஆர்., இன்சூரன்ஸ், வக்கீல் என்று பேச்சு அன்றைக்கே நஷ்டஈடு வரை போய்விடும். அதே ஆளை அதே இடத்தில் நாய் கடித்திருந்தால், "சோப்புப் போட்டுக் கழுவு, ஊசியைப் போட்டுரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடிபட்டவருக்கு நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு என்பது அவருக்கே தோன்றுவதில்லை.

நான் திருநெல்வேலியில் வக்கீலாக இருக்கிறேன். மோட்டார் விபத்து வழக்குகள்தான் என் வேலையில் பெரும்பகுதி. நாய்க்கடி விவகாரங்களும் முதலில் அந்த வழியாகத்தான் வந்தன. நாய் துரத்தி பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தவர்கள் கட்டோடு வந்து உட்காருவார்கள். எதிர்வண்டி எது என்று கேட்டால் நாய் என்பார்கள். எதிர்வண்டி இல்லாமல் தீர்ப்பாயத்தில் கேட்பதற்கு வழி குறைவு. வண்டி ஓட்டிய உரிமையாளருக்கு அவருடைய பாலிசியிலேயே 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கும். ஆனால் அது உயிரிழப்புக்கும் நிரந்தரமான பெரிய ஊனத்துக்கும்தான். முறிந்து கூடிய காலுக்கு அதில் ஒன்றும் வராது. அவர்களுக்காகத்தான் சட்டத்தில் வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

ஒரு பீடித் தொழிலாளி அம்மாவின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வளர்த்த நாய், கேட் திறந்திருந்த நேரத்தில் வெளியே ஓடிவந்து அவருடைய வலது கையைக் குதறிவிட்டது. நாய் வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. பதறிப்போய் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், முதல் நாள் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. இந்த அம்மாவும் போய்க் கேட்கவில்லை. மகள்தான் வற்புறுத்தி என்னிடம் கூட்டிவந்தாள்.

"நாய் கடிச்சதுக்குப் போய் கேஸ் போடுவாங்களாம்மா? அவங்க கூட நாளைக்கு முகத்துல முழிக்கணுமே" என்றார்.

கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தசை போயிருந்தது. பீடி சுற்றுகிறவருக்கு அந்த இரண்டு விரல்தான் சம்பளம். மடியில் சொளவை வைத்து உட்கார்ந்தாலும் இலை விரலில் நிற்கவில்லை என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு விவகாரம், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பேசி முடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். தன்னிடம் உள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் இது. மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஆனால் அபராதம் அரசாங்கத்துக்குப் போகிற பணம். கடிபட்டவர் கைக்குப் பணம் வர வேண்டும் என்றால் சிவில் வழக்கு, இல்லையென்றால் சமரசம்.

சிவில் வழக்கில் முதல் கேள்வி, அந்த நாய் கடிக்கக்கூடியது என்று உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்பதுதான். தெரிந்தும் கேட்டைத் திறந்து போட்டிருந்தால் அவர் தப்பிக்க வழியில்லை. அந்தத் தெருவில் பால் ஊற்றுகிற அண்ணாச்சியை அதே நாய் அதற்கு முன் காலில் பிடித்திருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், சாட்சி சொல்லத்தான் யாரும் வரவில்லை. கடைசியில் பால்கார அண்ணாச்சி தன் பழைய ஊசி அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வருமானத்துக்கு பீடிக்கடை பாஸ்புக் இருந்தது. கடிக்கு முன்னால் வாரத்துக்கு எவ்வளவு சுற்றினார், கடிக்கு அப்புறம் எவ்வளவு என்பது அதில் வரிவரியாக இருந்தது. இரண்டையும் நகல் எடுத்து வக்கீல் நோட்டீஸோடு இணைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல மனுஷர், பாஸ்புக்கைப் பார்த்ததும் போன் செய்தார். சிகிச்சைச் செலவு, வேலை இழந்த மாதங்கள், கையின் நிரந்தரக் குறைபாடு என்று மூன்றையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு முடித்தோம். இப்போதும் அந்த அம்மாவும் நாய் வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்கிறார்கள். கேஸ் என்றாலே பகை என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

தெருநாய் கடித்தால் யாரிடம் கேட்பது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். உரிமையாளர் இல்லாத நாய்க்குப் பொறுப்பு உள்ளாட்சிதான். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2001இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சியின் கடமை என்று அவை சொல்கின்றன. ஆனால் உள்ளாட்சிகளின் எதிர்மனுக்களில் அந்த விதிகளின் ஒரு வரிதான் எடுத்துக்காட்டப்படும்: அறுவைசிகிச்சை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதனால் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பார்கள். கருத்தடையும் ஊசியும் முடிந்த நாயைத்தான் திரும்ப விடச் சொல்கிறது விதி. அந்தத் தெருவில் எத்தனை நாய்க்கு அது நடந்தது?

இதற்குப் பதில் வாங்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை விட நல்ல வழி கிடையாது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் அவகாசம். தெருநாய் முகத்தில் கடித்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்காக இப்படி ஒரு மனுப் போட்டோம். நகராட்சியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அந்த வார்டில் நாய்த் தொல்லை பற்றி வந்த புகார்களின் நகல், எடுத்த நடவடிக்கை, கருத்தடை செய்த நாய்களின் எண்ணிக்கை என்று கேட்டோம். புகார்கள் இருந்தன. நடவடிக்கை என்ற பத்தி காலியாக இருந்தது. பையனின் முகத்தில் விழுந்த தையலை விட உயர் நீதிமன்றத்தில் நாங்கள் போட்ட ரிட் மனுவுக்கு அந்தக் காலிப் பத்திதான் பலம். ஆபத்து தெரிந்திருந்தது, ஒன்றும் செய்யவில்லை என்பதை அவர்களுடைய காகிதமே சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றமே நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். 1983இல் ருதுல் சா வழக்கிலும் 1993இல் நீலாபதி பெஹரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் போட்ட பாதை இது. அவை காவலில் நடந்த கொடுமைகள் பற்றிய வழக்குகள். நாய்க்கடிக்கு அதே பாதையில் போகும்போது, உண்மைகள் விவாதத்துக்குரியவை, சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதைத் தாண்ட ஆவணம் வேண்டும்.

அந்த ஆவணத்தைத்தான் நம் ஆட்கள் முதல் இரண்டு நாளில் தொலைத்துவிடுகிறார்கள். நான் அனுபவத்தில் பார்த்தவரை, நாய்க்கடிக்குப் பல இடங்களில் ஓ.பி. சீட்டோடு சரி. விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். எந்தத் தெரு, எத்தனை மணி, வளர்ப்பு நாயா தெருநாயா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காயத்தைக் கழுவுவதுதான் முதல் வேலை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. கழுவியதும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பல் பதிந்த இடம் தெரிகிற மாதிரி. ஊசி அட்டை பத்திரமாக இருக்கட்டும். தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், 3, 7, 28 என்று தேதிகள் வரும்; அந்த 28ஐத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியையும் கேளுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது, எந்த நஷ்டஈடும் அதற்கு ஈடாகாது. அப்புறம் ஸ்டேஷனில் மனுக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். உள்ளாட்சிக்கு ஒரு புகார், ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. இவ்வளவும் இருந்தால் எந்த வக்கீலும் வழக்கைத் தைரியமாகக் கையில் எடுப்பார்.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கம்தான் வருகிறது. கேரளத்தில் 2016இலேயே உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி சிரி ஜகன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. கடிபட்டவர் வக்கீல் இல்லாமலேயே அங்கே விண்ணப்பிக்க முடிந்தது. குழு விசாரித்துத் தொகை சொல்லும், உள்ளாட்சி கொடுக்கும். 2023 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு அளவே வைத்துவிட்டது: ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், தசை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய், விண்ணப்பித்த நான்கு மாதத்தில் முடிவு. பல்லை எண்ணுகிற இந்த முறை முழு நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டே தடம் விழுந்த கை பீடித் தொழிலாளியுடையதாக இருந்தால் இழப்பு எவ்வளவு என்று பல் சொல்லாது. ஆனாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு ஏழைக்கு முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். கர்நாடகம் 2025இல் உயிரிழப்புக்கு 5 லட்சம், காயத்துக்கு 5,000 என்று அறிவித்தது. அந்த ஐயாயிரம் மிகவும் குறைவு.

தமிழ்நாட்டில் 2024இல் பதிவான நாய்க்கடிகள் 4.8 லட்சம். தெருநாய் கடித்துச் செத்த ஆடு மாடுகளுக்கு இங்கே அரசு இழப்பீடு அறிவித்திருக்கிறது. காங்கேயம், சென்னிமலைப் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து போராடி வாங்கியது அது. அவர்களுக்குக் கிடைத்தது நியாயம். அந்த ஆட்டை மேய்க்கிறவரை நாய் கடித்தால் விண்ணப்பிக்க இதுபோல ஒரு வழி இருக்க வேண்டும். மோட்டார் விபத்துக்கு மாவட்டம்தோறும் தீர்ப்பாயம் இருக்கிற மாதிரி, நாய்க்கடிக்கும் மாவட்ட அளவில் ஒரு குழு வேண்டும் என்பது என் கோரிக்கை. சட்டப் பணிகள் ஆணைக்குழு எல்லா மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் இருக்கிறது, அங்கேயே வைக்கலாம். இப்போதும் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

வேலை நேரத்தில் கடிபட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கூரியர் பையன், மீட்டர் ரீடிங் எடுக்கிறவர், துப்புரவுப் பணியாளர் எல்லாம் தினமும் கேட்டைத் தட்டுகிறவர்கள். வேலையின்போது, வேலையின் காரணமாக வந்த காயம் என்றால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம்; 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் லீவு நாட்களுக்கு அங்கே பணம் கேட்கலாம். முதலாளியிடம் அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள் என்பேன். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

நாய்களைக் கொல்லச் சொல்கிறாயா என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. அது என் கோரிக்கை இல்லை. ஊசி போட்டு, கருத்தடை செய்து, கணக்கு வைத்திருந்தால் நாய்க்கும் நல்லது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், விளையாட்டு வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. அதற்கப்புறம் இந்த இடங்களில் நடக்கிற கடிக்கு, விதி எங்கள் கையைக் கட்டியது என்ற பதில் எடுபடாது.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. எதிர்த்தரப்பு அவசரமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து, வெற்றுத்தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் போவது சகஜம். வழக்கு நடக்கும்போது மைனருக்காகச் சமரசம் செய்ய கோர்ட் அனுமதி வேண்டும். குழந்தைக்கு வருகிற பணத்தைப் பொதுவாகப் பதினெட்டு வயது வரை வங்கியில் போடச் சொல்வார்கள். முகத்துத் தழும்புக்கு வளர்ந்த பிறகு இன்னொரு அறுவைசிகிச்சை தேவைப்படலாம், அந்தச் செலவையும் இன்றைக்கே டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். பையனின் ரிட் மனுவில் அதையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறோம். மதுரைக் கிளையில் நிலுவையில் இருக்கிறது.

இப்போது கடிபடாதவர்களுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் நாய் கூடுகிறது, பிள்ளைகள் டியூஷன் போக முடியவில்லை என்று யார் சொன்னாலும், இடம், நேரம், நாய்களின் எண்ணிக்கை எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, கமிஷனருக்கு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்பிவிட்டு, ஒப்புகையை வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறேன். நாய் பிடிக்கும் வண்டி வந்தால் சரி. வராமல் நாளைக்கு யாரையாவது கடித்தால், முன்பே தெரியும் என்பதற்கு அந்த ஒப்புகைதான் முதல் ஆவணம்.