இரைச்சலுக்குள் ஒரு குரல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில் ஜெனரேட்டர் உறும, பக்கத்துக் கடையில் பாட்டு அலற, அத்தனைக்கும் நடுவே அத்தை கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஓர் ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாடு 1 மில்லிநொடிக்கும் குறைவுதான் என்றாலும், மூளைத்தண்டு அதைக் கணக்கிட்டே திசையை அறிகிறது. குரலின் சுருதியும் உதட்டசைவும் துணைசெய்கின்றன. 1953-இல் ஆய்வாளர் காலின் செர்ரி நடத்திய சோதனையில், ஒரு காதில் கேட்ட பேச்சைத் திருப்பிச் சொன்னவர்கள், மறுகாதில் ஆண்குரல் பெண்குரலானதை உணர்ந்தார்களே தவிர, ஆங்கிலம் ஜெர்மன் மொழியானதைக் கவனிக்கவில்லை (எனக்கு இதுதான் பெருவியப்பு). மூளையில் ஒலியை ஆராயும் பகுதியான செவிப்புலப் புறணி நாம் கவனிக்கும் குரலையே பெரிதும் பதிவுசெய்கிறது என்பதை ஆய்வாளர்கள் மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும் 2012-இல் காட்டினர். அந்தத் தேர்வைச் செய்யாமல் எல்லா ஒலியையும் ஒருசேர உயர்த்தும் தம் பழைய செவிக்கருவியைத் தாத்தா கோயில் திருவிழாவன்று வீட்டிலேயே கழற்றி வைப்பது நியாயம்தான்.